மஞ்சள் வயலில் நின்ற உன் மனிசன்

இன்றைக்குக் காலையில் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கினேன். டொக்டர் தேங்காயெண்ணெயை நிறுத்தச் சொல்லி மூன்று மாதமாகிறது. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு அதிலேயே பொரித்துத் தின்றுகொண்டிருந்தேன். நேற்று இரத்தம் சோதித்த துண்டைப் பார்த்துவிட்டு என் மனிசன் சத்தம் போட்டார். அதனால்தான் காலி வீதிச் சுப்பர்மார்க்கட்டில் நான் ஒருநாளும் போகாத தட்டுப் பக்கம் போனேன். போத்தலின் லேபலில் ஒரு மஞ்சள் வயல் இருந்தது. முன்னால் பெரிதாக ஒரு பூ, நாலு இதழ். கனோலா எண்ணெய்.

வீட்டுக்கு வந்து தாச்சியில் ஊற்றிச் சூடாக்கினேன். மணமே இல்லை. தேங்காயெண்ணெய் கொதித்தால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். நல்லெண்ணெய் என்றால் நீயே குசினி வாசலில் வந்து நிற்பாய். இது வெறும் சூடு மட்டும். ஒரு சிட்டிகை கடுகு போட்டேன், படபடவென்று வெடித்தது. அடுப்பை நிறுத்திவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அறுபதை எட்டிப் பார்க்கும் வயசில் நிலத்தில் இருந்தால் எழும்புவது லேசான வேலை இல்லை, உனக்குத் தெரியாது. உனக்கு எப்போதும் இருபத்தெட்டுத்தானே.

உனக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். பதினைந்து வருசத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்த விசயம். நான் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவள், சுத்தி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

சண்டை திரும்பத் தொடங்கிய காலத்தில் வவுனியா வழியாக வந்தவள் நீ. கிளிநொச்சியில் தாயைத் தனியே விட்டுவிட்டு, கனடாவில் இருக்கும் புருசனிடம் போவதற்காக. வெள்ளவத்தை லொட்ஜுகளில் அப்போது மூச்சு விட இடமில்லை. கட்டிலுக்குக் கட்டில் ஆள், ஆளுக்கு ஆள் ஒரு எம்பசிக் கடிதம். என் பிளாட்டில் பின் அறை சும்மா கிடந்தது. கந்தோரில் என்னோடு வேலை செய்கிற ஒருத்தி சொல்லி உன்னை அனுப்பினாள். ஒரு சூட்கேசும், சாராயப் போத்தலில் அடைத்த நல்லெண்ணெயுமாக வந்து நின்றாய். “அக்கா, இது எங்கட வீட்டு எள்ளு. உங்களுக்குத்தான்” என்றாய். நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு எள்ளும் தெரியாது, எள்ளுச் செடியும் தெரியாது. ஆனால் போத்தல் மூடியைத் திறந்து மணந்த உடனே முன்பணம் கேட்க வைத்திருந்த வாயை மூடிக்கொண்டேன்.

உன் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு ரெலிபோனுக்கு எடுப்பார். வின்னிபெக் என்ற ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பொரிக்கிற வேலை. நீ மறைக்கவே இல்லை, வந்த முதல் கிழமையே சொன்னாய். பெரிய இரும்புத் தொட்டி நிறைய எண்ணெய் கொதித்தபடி இருக்குமாம். கோழி, மீன், உருளைக்கிழங்கு, எல்லாம் அதற்குள்ளே. கிழமைக்கு இரண்டு தரம் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டுமாம். “ரண்டு கையும் முழங்கை வரைக்கும் பொட்டுப் பொட்டாச் சுட்டிருக்காம் அக்கா. நித்திரையிலயும் அந்த எண்ணெய்ச் சத்தம் கேக்குதாம்” என்று சொல்லும்போது உன் கையை நீயே தடவிக்கொள்வாய்.

பிறகு அந்தப் படம் வந்தது. நெஞ்சளவு மஞ்சள் பூவுக்குள் அவர் நிற்கிறார். பின்னால் வானம்தான், ஒரு மரம் கூட இல்லை. லீவு நாளொன்றில் கூட்டாளியின் காரில் ஒரு மணித்தியாலம் ஓடிப் போய் எடுத்த படம். பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: “நான் பொரிக்கிற எண்ணெய் இந்தப் பூவிலயிருந்துதான் வருதாம். ஒருக்காப் பாக்கவேணும் போல இருந்தது.”

எண்ணெய்க் கானின் லேபலில் இருந்த பூவைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார் மனிசன். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நல்ல சேர்ட் ஒண்டு போட்டுக்கொண்டு நிண்டிருக்கலாம்” என்றேன்.

நீ படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாய். “அக்கா, இது கடுகு!”

“கனடாவில என்ன கடுகு?”

“கடுகுதான். எங்கட கிணத்தடியில தானா முளைச்சுப் பூக்கும், எனக்குத் தெரியாதே? நாலு இதழ் பாருங்கோ. இலையைப் பாருங்கோ. இவ்வளவு கடுகையும் ஆர் தாளிக்கப் போகினம்?” என்று சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் மேல்வீட்டு ஆட்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். படத்தைக் கண்ணாடிச் சட்டத்தின் மூலையில் செருகினாய். தலை இழுக்கும்போதெல்லாம் உன் முகமும் அந்த வயலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

எம்பசி நேர்முகத்துக்குத் திகதி வந்தது. உடனே நான் அதிகாரியாகிவிட்டேன். உன்னைக் கேட்டேனா? இல்லை. கப்பல் கொம்பனியில் இருபது வருசம் டைப் அடித்தவள், வெள்ளைக்காரனின் கடிதம் எல்லாம் படித்தவள், எனக்குத் தெரியாத எம்பசியா என்ற திமிர். தினமும் பின்னேரம் வேலையால் வந்து, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு இருப்பேன். நீ எதிரே கதிரையில். கலியாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? தாலி கட்டும்போது மழையா வெயிலா? அவருக்குப் பிடித்த கறி என்ன? வெள்ளவத்தையில் அப்போது பாதி வீடுகளில் இந்தக் கூத்துத்தான் நடந்துகொண்டிருந்தது. நான் அதிகாரி மாதிரித் தொண்டையைச் செருமினால் உனக்குச் சிரிப்பு வந்துவிடும். “கடவுளே, சிரிக்காதை! இது விளையாட்டில்லை” என்று மேசையில் தட்டுவேன்.

ஒருநாள் கேட்டேன். “உம்முடைய கணவர் என்ன வேலை செய்கிறார்?”

நீ நிமிர்ந்து இருந்தாய். அந்தக் கேள்விக்கு மட்டும் உனக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்ர மனிசன் சாப்பாட்டுக் கடைக் குசினியில பொரிக்கிறார், ஐயா. கையெல்லாம் எண்ணெய் தெறிச்ச காயம். எண்டாலும் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை.”

இவ்வளவுதான் நீ சொன்னது. எவ்வளவு நல்ல மறுமொழி அது. அதை நான் என்ன செய்தேன்?

“சீ! இப்பிடியே சொல்லுறது?” என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையின் உத்தியோகத்தை ஒரு படி தூக்கித்தான் சொல்வோம். கிளாக்கர் ஒபிசராவார். கடையில் துணி மடிப்பவர் பிஸ்னஸ் செய்வார். கேட்கிறவர்களும் ஒரு படி இறக்கித்தான் எடுத்துக்கொள்வார்கள், அதனால் அதைப் பொய் என்று ஒருவரும் நினைப்பதில்லை. என் இரண்டு தங்கச்சிமாருக்கும் பேசும்போது நானே முன்னுக்கு நின்று அப்படிப் பேசியவள். அந்த வாயோடுதான் உனக்கும் சொன்னேன்: “குசினி வேலை எண்டு சொன்னால், இவன் பெண்சாதியை எப்பிடி வைச்சுப் பாப்பான் எண்டு யோசிப்பாங்கள். படம் இருக்குத்தானே? பண்ணையில வேலை எண்டு சொல்லு. எண்ணெய் விதை செய்யிற பண்ணை. எவ்வளவு மதிப்பாயிருக்கு!”

உனக்குப் பிடிக்கவில்லை. விரலைப் போட்டு முறித்துக்கொண்டிருந்தாய். “அவர் அங்க விண்ணப்பப் போர்மில என்ன எழுதினாரோ தெரியாதே அக்கா. ஞாயிற்றுக்கிழமை எடுக்கேக்க கேட்டுப் பாப்பமே?”

“விசர்க் கதை கதையாதை. ரெலிபோனில கதைக்கிற கதையே இது? ஆர் ஆர் கேட்டுக்கொண்டு இருக்கிறாங்களோ!”

அந்த நாளில் அப்படித்தான் நாங்கள். போனில் சுகம் விசாரிக்கவே பயம். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அடுத்த முறை கேட்டபோது “பண்ணையில” என்றாய். நான் கைதட்டினேன்.

நேர்முகத்துக்கு நானும் லீவு போட்டுக்கொண்டு வந்தேன். வெளியில் வேலி ஓரமாக வெயிலில் நின்றேன். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு நீ வந்தாய். முகத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. த்ரீவீலரில் பம்பலப்பிட்டி வரைக்கும் வந்தோம். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னாய். “பண்ணையில என்ன செய்யினம் எண்டு கேட்டார். கடுகு எண்டன். படத்தையும் காட்டினன். அது கடுகில்லையாம் அக்கா. போர்மில அவர் குசினி எண்டுதான் எழுதியிருக்கிறாராம். ‘உமக்கு உம்முடைய கணவரைத் தெரியுமா?’ எண்டு கேட்டார்.”

“நான் கடுகு எண்டு சொல்லியிருக்கக் கூடாது” என்றாய். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாய். பண்ணை என்று சொல்லச் சொன்னது நான் என்பதை நீ ஒருக்காலும் வாயில் எடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகு ஒரு நாளும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடம் கூட இல்லை. ஒருக்கா என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

கடிதம் ஆறு கிழமை கழித்து வந்தது. இந்த உறவு உண்மையானது என்று திருப்தி ஏற்படவில்லை என்று இங்கிலீசில் இருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். அவர் அங்கே ஒரு லோயரைப் பிடித்து அப்பீல் போட்டார். நீ காத்திருந்தாய்.

ஆனால் இந்த ஊரில் காத்திருப்பதற்கும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் பதிய வேண்டிய காலம், ஒவ்வொரு முறையும் நீ எம்பசிக் கடிதத்தைத்தான் நீட்டுவாய். மறுத்து வந்த கடிதத்தை நீட்ட முடியுமா? ஒருநாள் விடியக்காலமை பொலிசார் லொட்ஜுகளில் தேடத் தொடங்கி எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார்கள். ஒரு பொலிஸ்காரர் உன் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “மொகடத மெயா கொழம்ப இன்னே?”

இவள் எதற்காகக் கொழும்பில் இருக்கிறாள். அவ்வளவுதான் கேள்வி. எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும், புறக்கோட்டைக் கடைக்காரருடன் சண்டை பிடிக்கிற சிங்களம். அன்றைக்கு வந்தது இரண்டு சொல்தான். “கனடா யன்ட” என்றேன், கனடாவுக்குப் போக. “லியும?” என்று கை நீட்டினார். கடிதம் இல்லை. சாமான் கட்ட அரை மணித்தியாலம் தந்தார்கள். என் அட்டையில் கொட்டாஞ்சேனை என்று இருந்ததால் என்னை ஒருவரும் தொடவில்லை.

நீ சூட்கேசைக் கட்டினாய். கடைசியாகக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தாய். படிக்கட்டில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, “கத்தரிக்காய் பொரிச்சு வைச்சிருக்கிறன் அக்கா, குழம்பு மட்டும் நீங்கள் வையுங்கோ” என்றாய். முதல் நாள் பின்னேரமே பொரித்து மூடி வைத்திருந்தாய். எத்தனையோ பேரோடு பஸ்சில் ஏற்றி உன்னை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கத்தரிக்காயை நான் குழம்பு வைக்கவில்லை. கொட்டவும் மனம் வராமல் பூசணம் பிடிக்கும் வரைக்கும் குசினியில் வைத்திருந்தேன்.

சில நாளில் கனபேரைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்கள். நான் அறையைக் கூட்டி, விரிப்பு மாற்றி வைத்தேன். நீ வவுனியாவிலிருந்து போன் எடுத்தாய். “அக்கா, இவ்வளவு தூரம் வந்திட்டன். அம்மாவைப் பாத்திட்டு வாறன். கொழும்பில நிக்கவும் இப்ப ஒரு காரணம் இல்லைத்தானே. ரண்டு கிழமை.”

போகாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாத்துக்கும் வாய் நீளும் எனக்கு, அன்றைக்கு மட்டும் “கவனம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெக்கமாக இருந்தது, அதுதான் உண்மை. இரண்டு கிழமை இரண்டு மாதமாயிற்று. தாய்க்குச் சுகமில்லை என்றாய். பிறகு சண்டை இறுகி, அங்கிருந்து ஆட்கள் வெளியே வர முடியாமல் போயிற்று.

ஒரேயொரு கடிதம் கைமாறிக் கைமாறி வந்தது. கொப்பித் தாளில், பென்சிலால். இன்னும் வைத்திருக்கிறேன். “கிணத்தடியில கடுகு பூத்திருக்கு. அவற்ற படத்தைப் பக்கத்தில வைச்சுப் பாத்தனான். அதே நாலு இதழ். அந்த ஐயா என்ன சொன்னாலும் அது கடுகுதான் அக்கா.”

நீ முழுப்பிழை இல்லை, தெரியுமா? பிறகுதான் தேடி வாசித்தேன். ரேப்சீட் என்று ஒரு செடி. கடுகுக்குச் சொந்தம், ஒரே குடும்பம். பூவும் காயும் அப்படியே, விதையும் உருண்டையாய்க் கறுப்பாய்க் கடுகு போலத்தான் இருக்குமாம். முந்தி அதன் எண்ணெய் சாப்பாட்டுக்கு அவ்வளவு உதவாது, இயந்திரத்துக்குத்தான் ஊற்றுவார்களாம். கனடாவில் அதைத் திருத்தி, கசப்பையும் கெடுதலையும் குறைத்து எடுத்த வகைக்குத்தான் கனோலா என்று பேர் வைத்தார்களாம். அந்த அதிகாரி உன்னைக் கேட்டது சித்தியின் பேருக்குப் பதிலாகப் பெரியம்மாவின் பேரைச் சொன்னதற்குக் குற்றம் பிடித்தது போலத்தான். இதையெல்லாம் நான் முதலே வாசித்திருக்கலாம். வாசித்தும் என்ன? போர்மில் எழுதியிருந்தது குசினிதானே.

அப்பீல் வென்றது. நீ இல்லாமல் வென்றது. அவர் போனில் அழுதுகொண்டே சொன்னார்: “ஏன் உங்கட மனிசி பண்ணை எண்டு சொன்னவ எண்டு கேட்டவை அக்கா. என்ர வேலையைச் சொல்ல அவளுக்கு வெக்கமாயிருந்திருக்கும் எண்டு சொன்னன். அதை அவை நம்பினவை.” பிறகு, “உண்மையும் அதுதானே” என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “இல்லைத் தம்பி, நான்தான்” என்று மூன்று சொல். சொல்லவில்லை. அவள் வரட்டும், அவளே சொல்லட்டும், என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உன் பேருக்கு எம்பசிக் கடிதம் என் விலாசத்துக்கு வந்தது. இந்தத் திகதிக்குள் கடவுச்சீட்டைக் கொண்டுவரவும் என்று. அந்தத் திகதியில் நீ எங்கே, எந்த மரத்தடியில், எந்தப் பங்கருக்குள் இருந்தாயோ.

சண்டை எல்லாம் முடிந்த பிறகு முகாமுக்கு வந்த ஒரு பெண், உன்னையும் தாயையும் கடற்கரைப் பக்கம் கண்டதாகச் சொன்னாள். தாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போனாயாம். அதற்குப் பிறகு காணவில்லையாம். பட்டியல் பட்டியலாகப் பார்த்தேன். உன் பேர் எதிலும் இல்லை. அவர் அங்கேயே இருக்கிறார். வேறு கலியாணம் செய்யவில்லை. அதே கடை, அதே எண்ணெய்த் தொட்டி. தைப்பொங்கலுக்கு எனக்குப் போன் எடுப்பார். ஒவ்வொரு முறையும் கதை முடிகிற இடத்தில், “அவளுக்கு என்ர வேலை பிடிக்கேல்லைப் போல” என்று ஒரு வசனம் வரும். ஒவ்வொரு முறையும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். உன்னைப் பழி சுமக்க விட்டுவிட்டு நான் நல்ல அக்காவாக இருந்தேன்.

இன்றைக்கு அந்த மணமில்லாத எண்ணெய்க்கு முன்னால் நிலத்தில் இருந்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. உனக்கு நடந்ததை நான் திருப்ப முடியாது. ஆனால் அந்த மனிசன் இன்னும் ஒவ்வொரு நாளும் தொட்டிக்கு முன்னால் நின்று, பெண்சாதி வெக்கப்பட்ட வேலையைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பொரிக்கிறார். அதை நிறுத்த உலகத்தில் ஒரு ஆளால்தான் முடியும்.

பின்னேரம் வரைக்கும் பொறுத்தேன், அங்கே விடியட்டும் என்று. நானே எடுத்தேன். பொங்கலும் இல்லை, ஒன்றும் இல்லை, அவர் பயந்துபோனார். “தம்பி, குறுக்கே பேசாமல் கேளும்” என்று தொடங்கி எல்லாத்தையும் சொன்னேன். மேசை, கண்ணாடி, நான் ‘சீ’ என்றது, நீ விரல் முறித்தது, அவரைக் கேட்போம் என்று நீ சொன்னது, நான் தடுத்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் ஏசவில்லை.

“அப்ப அவ முதல்ல என்ன சொன்னவ?”

சொன்னேன். நீ சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். என்ர மனிசன் சாப்பாட்டுக் கடைக் குசினியில பொரிக்கிறார், ஐயா. கையெல்லாம் எண்ணெய் தெறிச்ச காயம். எண்டாலும் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார்.

சொன்னேன்.

“கையில காயம் எண்டும் சொன்னவவே?”

“ஓம் தம்பி. நிமிந்து இருந்து சொன்னவ.”

அவர் அழுத சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது உனக்குரியது. கொஞ்சம் தேறிய பிறகு, வேலைக்கு நேரமாகுது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தாச்சியில் எண்ணெய் ஆறிப்போய்க் கிடக்கிறது, அடியில் வெடித்த கடுகு. இந்த நேரம் அவர் தொட்டிக்கு முன்னால் நிற்பார். உன் மறுமொழியை இவ்வளவு காலமும் நான்தான் வைத்திருந்தேன். இன்றைக்கு அது அவரிடம் போய்விட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது நான் சொல்லித்தந்த அந்தப் ‘பண்ணை’யும், அதற்கு நான் தட்டிய கையும்தான்.